கேள்விக்குப் பதில் சொல்லும் பக்கம்

பஸ் பலகையும் இணையதளமும்

பஸ் நிலையத்தில் நிற்கிறோம். ஒரு பஸ் வருகிறது. முதலில் எதைப் பார்க்கிறோம்? அதன் நெற்றியில் உள்ள பலகையைப் பார்க்கிறோம். அதில் ஓர் எண் இருக்கிறது. போகும் ஊரின் பெயர் இருக்கிறது. அதைப் படித்ததும் ஏறலாமா, வேண்டாமா என்று தெரிந்துவிடுகிறது.

நம்மில் பலர் எழுத்துக் கற்றதே இந்தப் பலகையைப் படிக்கத்தான். "இந்த பஸ் எங்கே போகுது?" என்று பிறரைக் கேட்காமல் ஏற வேண்டும் என்று ஆசைப்பட்டோம். படித்தோம். ஏறினோம்.

இப்போது இன்னொரு வகைப் பலகை வந்திருக்கிறது. அது தெருவில் இல்லை. செல்போனில் இருக்கிறது. அதன் பெயர் இணையதளம். வெப்சைட் என்றும் சொல்கிறோம். ரயில் டிக்கெட் எடுக்க ஒரு தளம். மின்கட்டணம் கட்ட ஒரு தளம். பிறப்புச் சான்றிதழ் வாங்க ஒரு தளம். வீட்டு வரி கட்ட ஒரு தளம். முன்பு ஜன்னல் ஓரம் வரிசையில் நின்று செய்த வேலைகள் பலவும் இன்று அங்கே நடக்கின்றன.

பஸ் பலகை புரியாவிட்டால் ஒரு பஸ் போகும். அடுத்த பஸ் வரும். இணையதளம் புரியாவிட்டால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டியிருக்கும். இடையில் நிற்கும் தரகருக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். நமக்கு வர வேண்டிய உதவித்தொகை வராமல் போகும். சில சமயம் கையில் உள்ள பணமும் போய்விடும்.

ஆகவே இணையதளம் தெளிவாக இருக்க வேண்டும் என்பது அழகு பற்றிய பேச்சு அல்ல. அது நம் பிழைப்பு பற்றிய பேச்சு. நல்ல தளம் எப்படி இருக்கும்? மோசமான தளம் எப்படி இருக்கும்? செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இதில் என்ன மாறியிருக்கிறது? இவற்றை இங்கே பார்ப்போம்.

முதல் பக்கம் எப்படி இருந்தது?

உலகின் முதல் இணையதளம் 1991ஆம் ஆண்டு பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அதை உருவாக்கியவர் டிம் பெர்னர்ஸ்-லீ. இங்கிலாந்துக்காரர். சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகருக்கு அருகில் செர்ன் என்ற பெரிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே அவர் வேலை செய்தார். பல நாட்டு விஞ்ஞானிகள் தங்கள் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ள ஒரு வழி வேண்டியிருந்தது. அதற்காக இதைச் செய்தார்.

அந்த முதல் பக்கத்தில் படம் இல்லை. ஆட்டம் பாட்டம் இல்லை. எழுத்து மட்டும் இருந்தது. சில சொற்களைத் தொட்டால் வேறு பக்கம் திறக்கும். இது என்ன, இதை எப்படிப் பயன்படுத்துவது என்று அந்தப் பக்கம் சொன்னது. 1993ஆம் ஆண்டு இந்த முறையை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. அதனால்தான் இணையம் உலகம் முழுவதும் பரவியது.

பிறகு படங்கள் வந்தன. வண்ணங்கள் வந்தன. ஓடும் எழுத்துகள் வந்தன. விளம்பரங்கள் வந்தன. வந்தது தவறில்லை. ஆனால் பல தளங்களில் கேட்ட பதில் இவற்றுக்கு அடியில் புதைந்து போனது.

சாங்வியில் ஒரு கேள்வி

மகாராஷ்டிர மாநிலத்தில் புனே நகரம் இருக்கிறது. அதை ஒட்டி சாங்வி என்ற பகுதி உள்ளது. முளா, பவனா என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே அமைந்த பகுதி அது. ஒரு காலத்தில் கிராமம். இன்று வீடுகள் நெருங்கிய நகர்ப்பகுதி. பழைய சாங்வி, புதிய சாங்வி என்று இரண்டு பெயர் சொல்வார்கள். வேலை தேடி வந்த பல மொழிக்காரர்கள் புனேயிலும் அதைச் சுற்றியும் வாழ்கிறார்கள். தமிழர்களும் இருக்கிறார்கள்.

சாங்வியின் தபால் முகவரியில் "புனே 411027" என்று எழுதுவார்கள். ஆனால் சாங்வி புனே மாநகராட்சியில் இல்லை. அது பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியைச் சேர்ந்தது. அந்த மாநகராட்சி 1982ஆம் ஆண்டு உருவானது. முளா ஆற்றைத் தாண்டினால் ஔந்த். அது புனே மாநகராட்சி. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு மாநகராட்சி. அந்தப் பக்கம் இன்னொரு மாநகராட்சி.

இப்போது ஒருவர் ஊருக்குப் புதிதாக வந்து சாங்வியில் குடியேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குழாயில் தண்ணீர் வரவில்லை. புகார் செய்ய வேண்டும். முகவரியில் புனே என்று இருக்கிறது. அவர் புனே மாநகராட்சியின் தளத்தைத்தான் தேடுவார். அங்கே பெயர் எழுதி, எண் எழுதி, எல்லாம் எழுதுவார். கடைசியில் தன் பகுதியின் பெயரைத் தேடுவார். அது பட்டியலில் இருக்காது. தப்பு யார் மீது?

அவர் மீது இல்லை. "உங்கள் பகுதி எது?" என்று தளம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். "சாங்வி என்றால் நீங்கள் போக வேண்டிய இடம் இது" என்று ஒரே வரியில் சொல்லியிருக்க வேண்டும். அலுவலகத்துக்குத் தன் எல்லை தெரியும். வருகிறவருக்குத் தெரியாது. நல்ல தளம் வருகிறவருடைய இடத்தில் நின்று யோசிக்கும். இதுதான் தெளிவின் முதல் பாடம்.

சாரதி காட்டிய வழி

இதே பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி ஒரு நல்ல வேலையும் செய்தது. 2013ஆம் ஆண்டு "சாரதி" என்ற உதவித் திட்டத்தைத் தொடங்கியது. சாரதி என்றால் தேரோட்டி. நமக்கும் தெரிந்த சொல்தான். வழி தெரியாதவரை ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ப்பவர்.

சாரதியில் என்ன புதுமை? தகவல்கள் கேள்வி-பதிலாக எழுதப்பட்டன. பொதுவாக அரசுத் தளங்களில் துறைகளின் பெயர்தான் முதலில் வரும். இந்தத் துறை, அந்தத் துறை, துணை ஆணையர், இணை ஆணையர் என்று பட்டியல் நீளும். நமக்கு வேண்டியது துறையின் பெயரா? இல்லை. "பிறப்புச் சான்றிதழ் எங்கே வாங்குவது? என்ன காகிதம் வேண்டும்? எவ்வளவு கட்டணம்? எத்தனை நாளில் கிடைக்கும்?" இவைதான் நம் கேள்விகள். சாரதி இப்படிப்பட்ட கேள்விகளைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியது.

அந்தப் பதில்கள் நான்கு வழிகளில் கிடைத்தன. புத்தகமாகக் கிடைத்தன. இணையதளத்தில் கிடைத்தன. செல்போன் செயலியில் கிடைத்தன. தொலைபேசியில் கேட்டாலும் கிடைத்தன. படிக்கத் தெரிந்தவர் படிக்கலாம். படிக்க முடியாதவர் போன் செய்து கேட்கலாம். தொலைபேசி எண் 8888006666. நான்கு எட்டு, இரண்டு பூஜ்யம், நான்கு ஆறு. ஒரு முறை கேட்டால் மனதில் நிற்கும். எண்ணைத் தேர்ந்தெடுப்பதிலும் தெளிவு இருக்கிறது, பார்த்தீர்களா?

இதில் இன்னொரு விஷயம் உண்டு. எளிமையாக எழுதுவது சோம்பேறி வேலை இல்லை. மக்கள் என்ன கேட்கிறார்கள் என்று முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஒவ்வொரு துறையிடமும் சரியான பதிலை வாங்க வேண்டும். அதிகாரி மொழியில் இருப்பதை வீட்டு மொழியில் மாற்ற வேண்டும். எழுதுகிறவர் ஒரு நாள் அதிகம் உழைத்தால், படிக்கிற ஆயிரம் பேருக்கு ஆளுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

இங்கிலாந்திலும் 2012ஆம் ஆண்டு இதைப் போன்ற மாற்றம் நடந்தது. பல அரசு அலுவலகங்களின் தளங்களை ஒரே தளத்துக்குள் கொண்டுவரத் தொடங்கினார்கள். தளம் செய்கிறவர்கள் சாதாரண மக்களைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று கவனித்தார்கள். திணறிய இடத்தைத் திருத்தினார்கள்.

தடுப்பூசி தந்த பாடம்

தெளிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் கொரோனா காலத்தில் பார்த்தோம். 2021 ஜனவரியில் நம் நாட்டில் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அதற்காகக் கோவின் என்ற தளம் இருந்தது. 2021 மே 1 முதல் 18 வயதிலிருந்து 44 வயது வரை உள்ளவர்களுக்கும் ஊசி என்று அறிவித்தார்கள். ஆனால் அவர்கள் முதலில் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும்.

தளம் அப்போது ஆங்கிலத்தில் இருந்தது. இடங்கள் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துபோயின. வேகமான இணைப்பும் ஆங்கிலமும் உள்ளவர்கள் முந்தினார்கள். மகாராஷ்டிரத்தில் நகரத்துக்காரர்கள் கிராமத்து மையங்களில் இடம் பிடித்துக் காரில் போய் ஊசி போட்டுக்கொண்டார்கள். அந்தக் கிராமத்துக்காரர்கள் வெளியே நின்றார்கள்.

உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி அரசிடம் கேள்வி எழுப்பியது. படிப்பும் இணைய வசதியும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டது. மே மாதக் கடைசியில், 18 முதல் 44 வயது உள்ளவர்கள் அரசு மையங்களுக்கு நேரில் வந்தும் பதிவு செய்ய வழி விட்டார்கள். ஜூன் மாதத் தொடக்கத்தில் தளத்தில் இந்தி, மராத்தி முதலிய மொழிகள் சேர்ந்தன. முதலில் வந்த அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து கேள்வி எழுந்த பிறகு தமிழும் சேர்ந்தது. ஜூன் 21 முதல் எல்லாரும் நேரில் வந்து பதிவு செய்யலாம் என்றானது.

இதில் நாம் கற்க வேண்டியது என்ன? கேட்டால் மாறும். மொழி இல்லை என்று கேட்டார்கள். மொழி வந்தது. நேரில் வர வழி இல்லை என்று கேட்டார்கள். வழி திறந்தது. முதலிலேயே யோசித்திருந்தால் அந்த வாரங்கள் வீணாகியிருக்காது.

செயற்கை நுண்ணறிவு என்பது என்ன?

இப்போது ஏ.ஐ. என்ற சொல் எங்கும் கேட்கிறது. தமிழில் செயற்கை நுண்ணறிவு என்கிறோம். 2022 நவம்பர் மாதக் கடைசியில் சாட்ஜிபிடி என்ற கருவி வந்தது. அதன் பிறகு இந்தப் பேச்சு வேகமாகப் பரவியது.

இது எப்படி வேலை செய்கிறது? கணக்கில் அடங்காத பக்கங்களை இந்தக் கருவிக்குப் பாடமாகக் கொடுத்திருக்கிறார்கள். எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரும் என்று அது பழகியிருக்கிறது. நாம் கேட்டால் கோர்வையாகப் பதில் எழுதும். கடிதம் எழுதும். மொழிபெயர்க்கும். ஓர் இணையதளத்தையே சில நிமிடங்களில் செய்து கொடுக்கும்.

ஆனால் பிழையாகவும் எழுதும். அப்போதும் தயங்காமல், சரளமாக எழுதும். அதுதான் சிக்கல்.

இனி அழகான தளம் செய்வது எளிது. அப்படியானால் தெளிவான தளமும் எளிதுதானா? ஒரு கற்பனை உரையாடலைப் படியுங்கள்.

இட்லி மாவு விற்கும் அக்கா

சாங்வியில் ஓர் அக்கா வீட்டிலேயே மாவு அரைத்து விற்கிறார். பக்கத்து வீட்டுத் தம்பி ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அக்காவுக்காக ஏ.ஐ. கருவியிடம் சொல்லி ஒரு தளம் செய்து கொண்டுவருகிறான்.

"அக்கா, இங்க பாருங்க. உங்க கடைக்கு வெப்சைட் ரெடி."

"அட, பளபளன்னு இருக்கேப்பா! இது என்ன, படம் படமா நகருது?"

"அது ஸ்லைடு அக்கா. தென்னிந்தியச் சுவையின் பாரம்பரியப் பயணம்னு போட்டிருக்கு, பாருங்க."

"பயணமா? நான் எங்கேயும் போகலையே. வீட்டுலதானே மாவு அரைக்கிறேன். சரி, ஒரு கிலோ எவ்வளவுன்னு எங்க இருக்கு?"

"கீழே இருக்கும் அக்கா. தள்ளிட்டே போங்க... இன்னும் கீழே... இல்ல, அது வேற பக்கத்துல இருக்கு போல."

"எத்தனை மணிக்குக் கிடைக்கும்னு இருக்கா?"

"அது போடலை அக்கா."

"போன் நம்பர்?"

"ஃபார்ம் ஒண்ணு இருக்கு. அதை நிரப்பினா..."

"தம்பி, காலையில அஞ்சரை மணிக்கு மாவு வேணும்னு ஓடி வர்ற அம்மா ஃபார்ம் நிரப்புவாங்களா? அவங்க என்கிட்ட கேக்குறது நாலே கேள்வி. என்ன இருக்கு? எவ்வளவு? எப்போ? எங்கே? அதைப் போடு, போதும்."

தம்பி சிரித்தான். அந்த நான்கு கேள்விகளையும் கருவியிடம் கொடுத்தான். இந்த முறை பக்கம் சிறியதாக வந்தது. "இட்லி, தோசை மாவு. ஒரு கிலோ 60 ரூபாய். அரைக் கிலோ 30 ரூபாய். காலை 6 முதல் 9 வரை. மாலை 5 முதல் 8 வரை. திங்கள் விடுமுறை." கீழே வீட்டுக்கு வழி. பெரிய எழுத்தில் போன் எண். தொட்டாலே போன் போகும். மேலே மராத்தி, தமிழ் என்று இரண்டு பொத்தான்கள்.

முதலில் செய்ததும் அதே கருவி. பிறகு செய்ததும் அதே கருவி. நடுவில் வந்தது என்ன? அக்காவின் நான்கு கேள்விகள். தன் வாடிக்கையாளர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்பது அக்காவுக்குத் தெரியும். கருவிக்குத் தெரியாது. சொன்னால்தான் தெரியும். அலங்காரம் செய்வது இன்று மலிவு. எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்று முடிவு செய்வது இன்னும் மனிதர் வேலைதான்.

பக்கத்தை இயந்திரமும் படிக்கிறது

இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. முன்பு தளத்தை மனிதர்கள் படித்தார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவும் படிக்கிறது. நாம் அதனிடம் கேள்வி கேட்கிறோம். அது பல தளங்களைப் படித்து நமக்குச் சுருக்கமாகச் சொல்கிறது. தளத்தில் பழைய கட்டணம் இருந்தால், அது பழைய கட்டணத்தைச் சொல்லக்கூடும். ஒரு பக்கத்தில் 15 நாள், இன்னொரு பக்கத்தில் 30 நாள் என்று இருந்தால் அதுவும் குழம்பும். கிணற்றில் உள்ளதுதான் வாளியில் வரும்.

தெளிவான தளத்திலும் கருவி தவறு செய்யலாம். கனடா நாட்டில் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். ஏர் கனடா என்ற விமான நிறுவனம் தன் தளத்தில் கேள்விக்குப் பதில் சொல்லும் இயந்திர உதவியாளரை வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டு ஒரு பயணி தன் பாட்டி இறந்ததால் அவசரமாகப் பயணம் செய்ய வேண்டியிருந்தது. துக்கத்துக்குப் போகிறவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. "முதலில் டிக்கெட் எடுங்கள். 90 நாளுக்குள் சலுகை கேட்கலாம்" என்ற பொருளில் இயந்திரம் பதில் சொன்னது. அதை நம்பி அவர் டிக்கெட் எடுத்தார். பிறகு நிறுவனம் பணம் தர மறுத்தது. பயணம் முடிந்த பிறகு சலுகை கேட்க முடியாது என்று தளத்தின் வேறு பக்கத்தில் இருக்கிறது என்றது.

வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போனது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. தளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும் நிறுவனம்தான் பொறுப்பு. பக்கத்தில் எழுதியிருந்தாலும் சரி, இயந்திரம் சொன்னாலும் சரி. ஒரே தளத்தின் ஒரு மூலையை இன்னொரு மூலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயணியின் வேலை இல்லை. இப்படிச் சொல்லி, பயணிக்குச் சுமார் 812 கனடா டாலர் தரும்படி உத்தரவிட்டது. தொகை சிறியது. கொள்கை பெரியது. பேசுவது இயந்திரம் என்றாலும் பதில் சொல்ல வேண்டியது அதை வைத்தவர்தான்.

எழுத்தா, படமா?

சில அலுவலகங்கள் அறிவிப்பைக் காகிதத்தில் அடித்து, முத்திரை வைத்து, அதைப் படம் பிடித்துத் தளத்தில் போட்டுவிடும். பார்ப்பதற்கு எழுத்து போலத்தான் இருக்கும். ஆனால் அது வெறும் படம். பார்வை இல்லாதவர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. வெறும் படத்தின் முன் அவை பெரும்பாலும் தடுமாறும். செல்போனில் பெரிதாக்கினால் எழுத்து மங்கும். தேடினாலும் சரியாகக் கிடைக்காது.

தமிழுக்கு முன்பு இன்னொரு தொல்லையும் இருந்தது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துருவில் தட்டச்சு செய்தார்கள். ஒரு கணினியில் தமிழாகத் தெரிந்தது, இன்னொரு கணினியில் கிறுக்கலாகத் தெரிந்தது. யூனிகோடு என்ற பொது முறை வந்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. 2010ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசும் யூனிகோடு முறையை ஏற்றது. இந்திய எழுத்துகளைக் கணினியில் கொண்டுவரும் வேலையில் புனேயில் உள்ள சி-டாக் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. அது 1988ஆம் ஆண்டு தொடங்கிய மத்திய அரசு நிறுவனம்.

ஆகவே அறிவிப்பை எழுத்தாகவே ஏற்ற வேண்டும். எழுத்தாக இருந்தால் கண்ணால் படிக்கலாம். காதாலும் கேட்கலாம். வேறு மொழியில் மாற்றியும் படிக்கலாம். இங்கேதான் செயற்கை நுண்ணறிவு நமக்குப் பெரிய உதவி. மத்திய அரசு 2022ஆம் ஆண்டு தொடங்கிய பாஷிணி என்ற திட்டமும் இந்திய மொழிகளுக்கு இடையே பேச்சையும் எழுத்தையும் மாற்றித் தரும் வேலைக்கானது.

கண் சிமிட்ட முடியாதவர்

வங்கிக் கணக்கு தொடங்க, சிம் கார்டு வாங்க, இப்போது செல்போன் முன் முகம் காட்டச் சொல்கிறார்கள். "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்று சில செயலிகள் கேட்கின்றன. உயிருள்ள மனிதர்தான் என்று உறுதி செய்ய இந்த ஏற்பாடு. ஆனால் ஆசிட் வீச்சில் முகமும் கண்களும் சிதைந்த பெண் எப்படிச் சிமிட்டுவார்? பார்வை இல்லாதவர் திரையில் வரும் கட்டளையை எப்படிப் பார்ப்பார்?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. இணையச் சேவைகளை எல்லாரும் பயன்படுத்த வழி இருப்பது, அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. இந்தச் சரிபார்ப்பு முறையை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி திருத்த 20 கட்டளைகள் கொடுத்தது.

பார்த்தீர்களா? தளம் எளிதாக இருப்பது தயவு இல்லை. அது உரிமை.

வேண்டுமென்றே குழப்புகிறவர்கள்

சில தளங்கள் தெரியாமல் குழப்புகின்றன. சில தளங்கள் தெரிந்தே குழப்புகின்றன. நாம் கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவார்கள். முதலில் ஒரு விலை காட்டி, பணம் கட்டும் நேரத்தில் கட்டணங்களைச் சேர்ப்பார்கள். "இன்னும் இரண்டே நிமிடம்!" என்று பொய்யாக அவசரப்படுத்துவார்கள். சேருவதற்குப் பெரிய பொத்தான் இருக்கும். விலகுவதற்கு வழியே தெரியாது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு இப்படிப்பட்ட 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே புகார் செய்யலாம்.

இன்னும் சிலர் போலித் தளமே செய்கிறார்கள். முன்பு போலித் தளத்தில் எழுத்துப் பிழை இருக்கும். மொழி கோணலாக இருக்கும். பார்த்ததும் சந்தேகம் வரும். இப்போது செயற்கை நுண்ணறிவை வைத்துப் பிழை இல்லாமல், நல்ல தமிழிலேயே எழுதிவிடுகிறார்கள். ஆகவே அழகாக இருக்கிறது, மொழி சரியாக இருக்கிறது என்பதால் நம்பிவிடக் கூடாது.

தளத்தின் முகவரியைப் பாருங்கள். மத்திய, மாநில அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் ஜி, ஓ, வி, புள்ளி, ஐ, என் என்ற ஆங்கில எழுத்துகளில் முடியும். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். யு.பி.ஐ.யில் பணம் அனுப்பத்தான் ரகசிய எண் வேண்டும். பணம் வாங்க ரகசிய எண் வேண்டாம். "உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று எந்தப் பக்கம் கேட்டாலும் அது ஏமாற்று. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவு நல்லது.

நல்ல பக்கத்தின் அடையாளங்கள்

1. இது யாருக்கான பக்கம், எதற்கான பக்கம் என்று மேலேயே சொல்லும்.

2. நம் மொழியில் இருக்கும். மொழி மாற்றும் பொத்தான் கண்ணில் படும் இடத்தில் இருக்கும்.

3. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேட்கும். தேவை இல்லாததைக் கேட்காது.

4. என்ன காகிதம், எவ்வளவு பணம், எத்தனை நாள் என்று தொடங்கும் முன்பே சொல்லும்.

5. பொத்தானில் உள்ள சொல், அது செய்யும் வேலையைச் சொல்லும். "சமர்ப்பி" என்பதைவிட "300 ரூபாய் கட்டு" என்பது தெளிவு.

6. தப்பு நேர்ந்தால் என்ன தப்பு என்று சொல்லும். "பிழை" என்று மட்டும் சொன்னால் நமக்கு என்ன புரியும்? "போன் எண்ணில் 10 இலக்கம் வேண்டும். நீங்கள் 9 எழுதியிருக்கிறீர்கள்" என்றால் புரியும்.

7. எழுத்து பெரிதாக இருக்கும். வெளிர் நிறத்தின் மேல் அடர் நிறத்தில் இருக்கும். வெயிலில் நின்றும் படிக்கலாம்.

8. கனம் இல்லாமல் இருக்கும். விலை குறைந்த போனிலும் திறக்கும். டேட்டாவைத் தின்னாது.

9. கடைசியாக எந்தத் தேதியில் திருத்தினார்கள் என்று காட்டும்.

10. புரியாவிட்டால் பேச ஒரு மனிதரின் தொலைபேசி எண் இருக்கும்.

நாம் என்ன செய்யலாம்?

ஒரு தளம் புரியாவிட்டால் "எனக்குப் படிப்பு போதவில்லை" என்று நினைக்க வேண்டாம். நன்றாகப் படித்தவர்களும் அங்கே திணறுகிறார்கள். எந்த இடத்தில் புரியவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கிராம சபையில் சொல்லலாம். வார்டு உறுப்பினரிடம் சொல்லலாம். மகளிர் குழுவாகச் சேர்ந்து ஒரு மனு எழுதலாம். "இந்த வரி புரியவில்லை. இப்படி எழுதினால் புரியும்" என்று எழுதுங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் உதவி கேளுங்கள். "இந்தப் பக்கத்தை எளிய தமிழில் சொல்" என்று கேட்கலாம். ஆனால் பணம், தேதி, மருந்து, சட்டம் என்றால் அது சொன்னதோடு நிறுத்த வேண்டாம். மூலப் பக்கத்தில் பாருங்கள். அல்லது போன் செய்து உறுதி செய்யுங்கள். ரகசிய எண், ஓ.டி.பி., ஆதார் எண் ஆகியவற்றை அதனிடம் எழுத வேண்டாம்.

எழுத்துக் கற்றது பிறர் எழுதியதைப் படிக்க மட்டும் அல்ல. புரியும்படி எழுது என்று கேட்கவும்தான்.

கூடிப் பேசுவோம்

1. நீங்கள் அல்லது உங்கள் வீட்டார் அண்மையில் பயன்படுத்திய தளம் எது? எந்த இடத்தில் நின்றுபோனீர்கள்?

2. உங்கள் ஊர் எந்த உள்ளாட்சியைச் சேர்ந்தது? தண்ணீர்ப் புகாரை எங்கே சொல்ல வேண்டும்? விசாரித்து எழுதுங்கள்.

3. உங்கள் ஊர் ரேஷன் கடைப் பலகையைப் பாருங்கள். இன்று என்ன இருக்கிறது, என்ன விலை, எத்தனை மணி வரை என்று தெளிவாக இருக்கிறதா? இல்லை என்றால் எப்படி எழுதலாம்?

4. உங்கள் தொழிலுக்கு ஒரு பக்கம் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கேட்கும் நான்கு கேள்விகள் என்ன? ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள். அவருக்குப் புரிகிறதா என்று பாருங்கள்.